எந்த நூற்றுக்கு?

"வன்னியில் எத்தனை வீதம்?" என்று யாராவது கேட்டால், அவர் சொல்லும் வன்னி எது என்று முதலில் திருப்பிக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் வன்னி என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு எண்ணப்படுகிறது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் இது மாறவில்லை. ஆனால் கிளிநொச்சியின் பரந்தனிலோ கண்டாவளையிலோ பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போய், நீங்கள் வன்னி ஆள் இல்லை என்று சொல்லிப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து ஆனையிறவைத் தாண்டினால் வன்னி என்பதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. இரண்டு கணக்கிலும் பிழையில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு வெவ்வேறு எண்கள் வரும், அவ்வளவுதான். ஏனென்றால் எதனால் வகுக்கிறோம் என்பது இரண்டிலும் வேறு.

நான் கிளிநொச்சியில் ஒரு சிறிய அலுவலகத்தில் தரவு வேலை பார்க்கிறேன். வீடு வீடாகக் கேட்டு நிரப்பிய படிவங்கள் கட்டுக் கட்டாக வரும். அவற்றைக் கணினியில் ஏற்றி, அட்டவணையாக்கி, அறிக்கை எழுதுபவர்களிடம் கொடுப்பது என் பொறுப்பு. எக்ஸெலில் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளாக ஆர் (R) என்ற கணினி மொழிக்கு மாறியிருக்கிறது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் ரோஸ் இஹாக்கா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள் தொடங்கிய மொழி அது. அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்த நாள் 2000 பெப்ரவரி 29. நாங்கள் அதைத் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, அது இலவசம்.

தொடர்வதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் மீடிறன் என்று படித்ததைத்தான் தமிழ்நாட்டு வாசகர்கள் நிகழ்வெண் என்பார்கள்: ஒரு விடை எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை. அட்டவணையில் இடமிருந்து வலமாக ஓடுவது நிரை, மேலிருந்து கீழாக இறங்குவது நிரல். கணினிக்கு எழுதிக் கொடுப்பதையும் இப்போது நிரல் என்றே சொல்கிறார்கள் என்பதால், குழப்பம் வராதிருக்க இந்தக் கட்டுரையில் அதைக் கட்டளை என்று மட்டும் எழுதுகிறேன். பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பகுதியைப் பற்றியதுதான்.

மீடிறன் அட்டவணையைச் சதவீதமாக்குவது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை: ஒவ்வொரு எண்ணையும் மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். ஆர் மொழியில் எண்ணுவதற்கு 'டேபிள்' என்ற கட்டளையும், எண்ணியதை விகிதமாக்குவதற்கு 'ப்ராப்.டேபிள்' என்ற கட்டளையும் உண்டு. பின்னதற்கு இப்போது 'ப்ரொபோர்ஷன்ஸ்' என்ற தெளிவான பெயரையும் வைத்திருக்கிறார்கள், வேலை ஒன்றே. வருவது 0.15 போன்ற விகிதம் என்பதால் நூறால் பெருக்குவது நம் வேலை. ஒரே ஒரு கேள்விக்கான அட்டவணை என்றால் இத்தோடு கதை முடிந்தது. இரண்டு கேள்விகளைக் குறுக்கே வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது, என் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட ஒரு கணக்கெடுப்பு அது. உண்மையான எண்களை இங்கே தர எனக்கு உரிமையில்லை. ஆகையால் கணக்கு விளங்குவதற்காக நானே இட்ட எண்களைத் தருகிறேன். மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலர் பிரிவுகளில் மூன்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பச்சிலைப்பள்ளியை விட்டதற்கு அட்டவணை நீளும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. பவுசர் என்பது தண்ணீர் கொண்டுவந்து தரும் தாங்கி வண்டி.

கரைச்சி: சொந்தக் கிணறு 130, பொதுக் கிணறு 40, பவுசர் 30, மொத்தம் 200 குடும்பங்கள்.
கண்டாவளை: சொந்தக் கிணறு 72, பொதுக் கிணறு 30, பவுசர் 18, மொத்தம் 120.
பூநகரி: சொந்தக் கிணறு 16, பொதுக் கிணறு 16, பவுசர் 48, மொத்தம் 80.
மூன்றும் சேர்ந்து: 218, 86, 96, மொத்தம் 400.

பூநகரியில் பவுசர் தண்ணீர் குடிக்கும் அந்த 48 குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ப்ராப்.டேபிள்' கட்டளைக்குள் அட்டவணையை மட்டும் கொடுத்துவிட்டு வேறெதுவும் சொல்லாமல் விட்டால், அது ஒவ்வொரு பெட்டியையும் பெருமொத்தமான 400ஆல் வகுக்கும். 12 சதவீதம் என்று வரும். 'மார்ஜின்' என்ற இடத்தில் 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு நிரையையும் அதன் சொந்த மொத்தத்தால் வகுக்கும். 80இல் 48, அதாவது 60 சதவீதம். 2 என்று கொடுத்தால் நிரலின் மொத்தத்தால் வகுக்கும்; 96இல் 48, அதாவது 50 சதவீதம். குடும்பங்கள் அதே 48தான். 12, 60, 50 என்ற மூன்று எண்களும் சரியானவை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில். நாம் சந்தித்த எல்லாக் குடும்பங்களிலும் பூநகரியில் இருந்துகொண்டு பவுசரை நம்பியிருப்பவை எத்தனை வீதம் என்பதற்கு 12. பூநகரிக் குடும்பங்களில் எத்தனை வீதம் பவுசரை நம்பியிருக்கின்றன என்பதற்கு 60. பவுசரை நம்பியிருப்பவர்களில் எத்தனை வீதம் பூநகரியார் என்பதற்கு 50.

நான் 'மார்ஜின்' கொடுக்க மறந்தேன். மறந்தேன் என்று சொல்வதுகூட முழு உண்மையில்லை. அப்படி ஒன்று கொடுக்க வேண்டும் என்றே அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கட்டளை பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் அழகான எண்களைத் தந்தது. கூட்டிப் பார்த்தேன், ஒன்று வந்தது. நூறால் பெருக்கி அனுப்பிவிட்டேன். அறிக்கை எழுதியவர் அந்த எண்ணை எடுத்து, பூநகரியில் இத்தனை வீதமான குடும்பங்களே பவுசர் நீரில் தங்கியுள்ளன என்று ஒரு வசனம் எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிரையின் தலையில் பூநகரி என்றும் நிரலின் தலையில் பவுசர் என்றும் இருந்தால், எவரும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

கணக்கெடுத்த ஊர்களிலேயே அறிக்கையை வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். பூநகரிப் பக்கத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில், ஐம்பது பேரளவில் கூடியிருந்த இடத்தில் அந்த வசனத்தை நானே வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழும்பினார்.

"தம்பி, நூறு வீட்டில பத்துப் பன்ரண்டு வீட்டுக்குத்தான் பவுசர் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப மிச்ச ஆக்கள் உவர்த் தண்ணியைத்தானோ குடிக்கினம்?"

மண்டபம் சிரித்தது. பூநகரியில் பல இடங்களில் கிணற்று நீர் உவர் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அங்கே நின்றுகொண்டு அந்த வசனத்தை வாசித்தபோது எனக்கு மட்டும் அது தெரியாதது போலாயிற்று. "அம்மா, இதைத் திரும்பப் பாத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லி இறங்கினேன். அலுவலகத்துக்குத் திரும்பி, கட்டளைக்குள் ஒரு காற்புள்ளியும் 1 என்ற எண்ணும் சேர்த்தபோது, எல்லா நிரைகளும் தனித்தனியே ஒன்றாகக் கூடின. பிழை இரண்டே எழுத்துக்குள் இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த மூன்று வகுத்தல்களையும் நிதானமாக யோசித்தேன். அவற்றுக்குள் நான் எதிர்பாராத ஒரு வேறுபாடு இருக்கிறது. கரைச்சியிலும் கண்டாவளையிலும் பவுசரை நம்பியிருப்போர் நிரைச் சதவீதத்தில் சமம்: 200இல் 30, 120இல் 18, இரண்டும் 15. நிரல்வழியே பார்த்தாலோ கரைச்சிக்கு 31.25, கண்டாவளைக்கு 18.75. இதைப் பார்ப்பவர் கரைச்சியில்தான் தண்ணீர்ப் பிரச்சினை பெரிதென்று நினைப்பார். ஆனால் இந்த வித்தியாசம் முழுவதும் நாங்கள் கரைச்சியில் கூடுதலான வீடுகளுக்குப் போனதால் வந்தது. கரைச்சியில் 200க்குப் பதில் 400 வீடுகளுக்குப் போய், அங்கே அதே 15 வீதம் இருந்திருந்தால், பவுசர் நிரலின் மொத்தம் 126 ஆகியிருக்கும். பூநகரியின் பங்கு 50இலிருந்து ஏறக்குறைய 38க்கு இறங்கியிருக்கும். பூநகரியில் ஒரு குடத்துத் தண்ணீர்கூட மாறியிராது. நிரைச் சதவீதம் இந்த விளையாட்டுக்கு அகப்படாது. நிரல் சதவீதமும் பெருமொத்தச் சதவீதமும் அகப்படும். எங்கே எத்தனை வீடு பார்ப்பது என்பதை மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இருந்ததா, மழை விட்டதா என்பவைகூடத் தீர்மானிக்கும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே எண் வேண்டுமென்றால், 400இல் 96 என்று வகுத்து 24 வீதம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வீடும் உண்மையில் எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற நிறையைச் சேர்த்து எண்ண வேண்டும். ஆர் மொழியில் 'எக்ஸ்டேப்ஸ்' கட்டளை அதைச் செய்கிறது: வெறுமனே தலைகளை எண்ணாமல் நிறைகளைக் கூட்டி அட்டவணை தரும், அதன் மேல் அதே 'ப்ராப்.டேபிள்'.

வேறு மென்பொருள் பழகியவர்களுக்கும் இதே குழிதான், வேறு வேலியோடு. பைதன் மொழியில் பாண்டாஸ் என்ற தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் 'கிராஸ்டேப்' கட்டளையில் 'நார்மலைஸ்' என்ற இடத்தில் நிரையா, நிரலா, எல்லாமா என்று சொல்ல வேண்டும். சாஸ் மென்பொருளின் அட்டவணை, கேட்காமலேயே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எண்ணிக்கை, பெருமொத்தச் சதவீதம், நிரைச் சதவீதம், நிரல் சதவீதம் என்று நான்கையும் அடுக்கி வைத்துவிடும். முதலில் பார்த்தபோது கண் கூசியது. இப்போது யோசித்தால், அந்த நெரிசல் ஒரு நல்ல எச்சரிக்கை என்று தோன்றுகிறது.

அடுத்தது விடுபட்டவர்கள். பூநகரியில் உண்மையில் நூறு வீடுகளுக்குப் போனோம், இருபது வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடமாக விட்ட அந்த இருபதையும் 'டேபிள்' கட்டளை ஒரு சத்தமும் இல்லாமல் விலக்கிவிடும். பிறகு வரும் 60 சதவீதம் என்பது பதில் சொன்ன 80இல். நூறில் என்றால் 48. 'யூஸ்என்ஏ' என்ற இடத்தில் கேட்டால்தான் விடுபட்டவற்றுக்கும் ஒரு நிரலைக் காட்டும். பாண்டாஸிலும் இதே வழக்கம். இன்னொரு பக்கத்தில், படிவம் ஏற்றியவர் வெற்றிடமாக விடாமல் 99 என்று அடித்திருந்தால், 99 என்பது கிணறு, பவுசர் போல ஒரு நீர்மூலமாகவே எண்ணப்பட்டு, எல்லாச் சதவீதங்களையும் கீழே இழுத்துவிடும். ஒரே கணக்கெடுப்பில் இருவர் இரண்டு விதமாக ஏற்றியதைப் பிரித்தெடுக்க நான் செலவிட்ட இரவுகளைப் பற்றித் தனியே ஒரு பதிவு எழுதலாம்.

விடுபட்டவர்களைச் சேர்ப்பதா விலக்குவதா என்பதற்கு ஒரே விடை இல்லை என்பதை எங்கள் ஆட்களுக்கு விளக்க, நான் தேர்தல் முடிவைத்தான் இழுப்பேன். விடிய விடிய வானொலியில் கேட்டுப் பழகிய எண்கள் அவை. வாக்களிப்பு எத்தனை வீதம் என்று சொல்லும்போது பகுதியில் நிற்பது பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகை. ஒரு கட்சிக்கு எத்தனை வீதம் என்று சொல்லும்போது நிற்பது செல்லுபடியான வாக்குகள். நிராகரிக்கப்பட்டவை அதில் இல்லை. ஒரே முடிவுத்தாளில் இரண்டு பகுதிகள், ஆனால் எவரும் குழம்புவதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் அதன் பகுதி எது என்று பெயரோடு சொல்லிவிடுகிறார்கள்.

பல விடை தரக்கூடிய கேள்விகள் இன்னொரு வகைத் தொல்லை. குடிக்கப் பவுசர், குளிக்கக் கிணறு என்று ஒரே வீடு இரண்டு பெட்டியில் சரி அடையாளம் போடும். எண்பது வீடுகள் 130 சரி போட்டன, அதில் சொந்தக் கிணறு 52, பொதுக் கிணறு 30, பவுசர் 48 என்று வையுங்கள். வீடுகளால் வகுத்தால் 65, 37.5, 60; கூட்டினால் 162.5. சரிகளால் வகுத்தால் 40, 23.1, 36.9; கூட்டினால் 100. நூறு வராத அட்டவணையைக் கண்டால் பதறுகிற மேலதிகாரிகள் உண்டு. அவர்களில் ஒருவர் இதை வட்ட வரைபாகப் போடச் சொன்னார். வட்டத்துக்கு நூறு வேண்டும் என்பதால், 130ஆல் வகுத்து வரைந்தோம். அந்தப் படம் சொல்வது சரிகளைப் பற்றி. தண்ணீர் குடிப்பது சரிகள் அல்ல, வீடுகள். இப்போது இத்தகைய கேள்விக்குப் பட்டை பட்டையாக வரையும் சலாகை வரைபுதான் போடுகிறேன், தலைப்பில் "ஒரு குடும்பம் ஒன்றுக்கு மேற்பட்ட விடை தரலாம்" என்ற வரியோடு.

இனி மட்டந்தட்டல், அதாவது நீளமான தசம எண்ணை அருகிலுள்ள குறுகிய எண்ணாக்குவது. மேலே சொன்ன பவுசர் நிரலையே எடுங்கள்: 31.25, 18.75, 50. ஒரு தசமதானத்துக்கு மட்டந்தட்டச் சொன்னால் எக்ஸெல் 31.3, 18.8, 50.0 என்று தரும், கூட்டுத்தொகை 100.1. ஆர் மொழியின் 'ரவுண்ட்' கட்டளையோ 31.2, 18.8, 50.0 என்று தரும். கூட்டுத்தொகை சரியாக 100. நான் ஆர் பிழை விடுகிறது என்றே முதலில் நினைத்தேன். விஷயம் என்னவென்றால், சரிபாதியில் நிற்கும் எண்ணை எக்ஸெல் பாடசாலையில் படித்தபடி மேலே தள்ளும். ஆர் அதை அருகில் உள்ள இரட்டை இலக்கத்துக்குக் கொண்டுபோகும். அதனால்தான் 31.25 கீழே 2க்கும் 18.75 மேலே 8க்கும் போயின. 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் ஆர் 2 என்றுதான் சொல்லும். பாதிகள் எல்லாம் எப்போதும் மேலேயே போனால் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஊதும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஆனாலும் நூறு வந்தது இந்த எண்களின் அதிர்ஷ்டமே. மூன்று பேர் சமமாகப் பங்கிட்டால் 33.3 மூன்று தடவை வரும். எந்த மொழியில் தட்டினாலும் 99.9தான்.

நூறாக்கியே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதுவும் தேர்தலில் இருந்துதான். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள். ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளை விலக்கி, முதலிடம் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனத்தைக் கொடுத்தபின், மிஞ்சிய வாக்குகளை மிஞ்சிய ஐந்து ஆசனங்களால் வகுத்து, ஓர் ஆசனத்துக்கு எத்தனை வாக்கு என்று காண்கிறார்கள். முழுதாக வருபவற்றைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஆசனங்கள் மிகப் பெரிய மீதியை வைத்திருப்பவர்களுக்குப் போகும். சதவீதத்துக்கும் அப்படியே செய்யலாம்: எல்லாவற்றையும் கீழே தட்டி, நூறுக்குக் குறைவதை மீதி பெரியவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். நான் செய்வதில்லை. அட்டவணையின் அடியில் "மட்டந்தட்டியதால் கூட்டுத்தொகை 100 ஆகாமல் இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதுவது, எண்ணில் கைவைப்பதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். எது செய்தாலும் முதலில் வகுத்து, நூறால் பெருக்கி, கடைசியில் மட்டுமே தட்ட வேண்டும். இடையில் ஒருதரம் தட்டிவிட்டுப் பிறகு கூட்டுவது கிணற்றுக்குள் கயிற்றை விட்டுவிட்டு வாளியைத் தேடுவது போன்றது.

மிகச் சிறிய எண்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்து குடும்பம் மட்டும் திரும்பி வந்திருக்கும் ஒரு குடியேற்றத்தில் மூன்று வீட்டில் மலசலகூடம் இல்லையென்றால், 60 வீதம் என்று எழுதாதீர்கள். மூன்று வீடு என்று எழுதுங்கள்.

திருத்திய அறிக்கையோடு மூன்று வாரம் கழித்து அதே மண்டபத்துக்குப் போனேன். இம்முறை ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் "80 குடும்பங்களில்" என்று பகுதியையும் எழுதியிருந்தேன். நான் இங்கே இட்ட எண்களில் சொன்னால், நூற்றுக்கு அறுபது பவுசர் என்று வாசித்தேன். அந்த அம்மா முன்வரிசையில் இருந்தார்.

"அப்ப மிச்ச நாப்பது?"

"இருபது சொந்தக் கிணறு, இருபது பொதுக் கிணறு, அம்மா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்கள் எங்களிட்டைக் கேட்டது தையிலயல்லோ தம்பி. மாரித் தண்ணி கிணத்தில நிண்டது. ஆவணியில வந்து கேட்டியளெண்டால் அந்த நாப்பதிலயும் பாதி பவுசருக்குப் பின்னால வாளியோட நிக்கும்."

படிவத்தின் மூலையில் திகதி இருந்தது. அதைக் கணினியில் ஏற்றியும் இருந்தோம். அட்டவணையில் மட்டும்தான் அது இல்லை. அன்று மாலை தலைப்பை மாற்றினேன்: பூநகரி, தை மாதம், பதில் தந்த 80 குடும்பங்களில்.